பஸ்ஸில் வருபவருக்கு வழி எழுதுவது: நிறுத்தத்திலிருந்து கவுன்ட்டர் வரை

'பஸ் நிலையம் அருகில்.' அரசு சேவை அலுவலகங்களின் வழிக்குறிப்பு பெரும்பாலும் இந்த ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது. எங்கே இறங்குவது, சாலையைக் கடக்க வேண்டுமா, எந்த கேட் திறந்திருக்கும் என்பதையெல்லாம் வருபவர் நாலு பேரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறார். கைக்குழந்தையோடு வருபவருக்கும் கோல் ஊன்றி வருபவருக்கும் இது பெரிய அலைச்சல். ஒரே நாள் வேலையில் இதைச் சரிசெய்துவிடலாம். முதல்முறை எழுதுபவருக்கான செய்முறை இது.

படி 1: வாசலைக் கண்டுபிடியுங்கள்

மொபைல் வரைபடத்தில் குறி பெரும்பாலும் கட்டடத்தின் நடுவில் விழும். வழிகாட்டும் செயலி அந்தப் புள்ளிக்கு மிக அருகில் உள்ள சாலையில் கொண்டுபோய் விடும். அது பின்பக்கத்துக் காம்பவுண்டுச் சுவராகவும் இருக்கலாம். வேலை நேரத்தில் நேரில் போய், பொதுமக்களை உள்ளே விடும் கேட்டில் நின்று, திரையில் அந்த இடத்தை அழுத்திப் பிடித்து அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். தசமப் புள்ளிக்குப் பின் 5 இலக்கம் போதும். அதுவே சுமார் 1 மீட்டர் அளவுக்குத் துல்லியம்.

படி 2: நிறுத்தங்களை ஜோடியாகப் பாருங்கள்

ஒரே பெயரில் சாலையின் இரு பக்கமும் நிறுத்தம் இருக்கும். வரும்போது இறங்குவது ஒன்று, திரும்பும்போது ஏறுவது இன்னொன்று. இரண்டும் நேர் எதிரெதிரே இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். சிக்னலுக்கு முன்னும் பின்னுமாகத் தள்ளிக்கூட இருக்கும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நிலையாக உள்ள ஓர் அடையாளத்தை எழுதுங்கள்: தண்ணீர்த் தொட்டி, மேம்பாலத்தின் தொடக்கம், பள்ளிச் சுவர். கடைப் பெயர் வேண்டாம், கடை மாறிவிடும்.

படி 3: நடந்து அளந்து பாருங்கள்

நிறுத்தத்திலிருந்து 150 மீட்டர்தான் என்று வரைபடம் நேர்க்கோட்டில் காட்டும். சுவரைச் சுற்றி, சாலையைக் கடந்து போனால் அதுவே 400 மீட்டர் ஆகும். சாதாரண நடைக்கு நிமிடத்துக்கு 80 மீட்டர் என்று வைத்தால் 5 நிமிடம். மெதுவாக நடப்பவர் நொடிக்கு 0.8 மீட்டர்தான் போவார். அவருக்கு 8 நிமிடத்துக்கு மேல் ஆகும். இந்த இரண்டாவது கணக்கைத்தான் எழுத வேண்டும். சிக்னலுக்கு 2 நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

போகும் வழியில் படிகள், திறந்த வடிகால், நடைபாதையை அடைத்து நிற்கும் வண்டிகள் இருந்தால் குறித்துவையுங்கள். சக்கர நாற்காலிக்கான சாய்தளத்தில் 1 பங்கு உயரத்துக்குக் குறைந்தது 12 பங்கு நீளம் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. 15 செ.மீ. உயரப் படிக்கு 1.8 மீட்டர் சாய்தளம் வேண்டும். அதைவிடச் செங்குத்தாக இருந்தால் 'சாய்தளம் உண்டு' என்று மட்டும் எழுதாதீர்கள். 'உதவிக்கு ஆள் தேவை' என்றும் சேர்த்து எழுதுங்கள்.

படி 4: கிளம்ப வேண்டிய நேரத்தைக் கணக்கிடுங்கள்

அதிகம் பேர் ஏமாந்து திரும்புவது இங்கேதான். அலுவலகம் மூடும் நேரம் வேறு, மனு வாங்குவதை நிறுத்தும் நேரம் வேறு. இரண்டாவதை எடுத்துப் பின்னோக்கிக் கழியுங்கள். மனு வாங்குவது 3:00 மணி வரை என்றால்:

டோக்கன் வாங்க 10 நிமிடம்
நடக்க, சிக்னலையும் சேர்த்து, 10 நிமிடம்
பயணம் 40 நிமிடம்
பஸ்ஸுக்குக் காத்திருக்க 30 நிமிடம்

மொத்தம் 90 நிமிடம். ஆகவே 1:30-க்குள் நிறுத்தத்தில் நிற்க வேண்டும். அதையே எழுதுங்கள். பஸ் 30 நிமிடத்துக்கு ஒன்று என்றால் சராசரிக் காத்திருப்பு 15 நிமிடம்தான். ஆனால் ஒரு பஸ் கண்ணெதிரே போய்விட்டால் முழு 30 நிமிடமும் நிற்க வேண்டும். அதனால் சராசரியைப் போடாதீர்கள். இரண்டு பஸ் மாறி வரும் தடத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் முழு இடைவெளியையும் சேர்க்க வேண்டும்.

அலுவலகம் திறந்திருக்கும் நாளின் பஸ் கால அட்டவணைதானா என்றும் பாருங்கள். திரும்பிப் போக மாலையில் கடைசி பஸ் எப்போது என்பதை மறக்காமல் எழுதுங்கள்.

படி 5: பஸ் போகும் திசையை வைத்து எழுதுங்கள்

இறங்கியவுடன் ஒருவருக்கு வடக்கு தெற்கு தெரியாது. பஸ் எந்தப் பக்கம் போனது என்பது தெரியும். மாதிரி:

"12-ஆம் எண் பஸ்ஸில் வந்து 'நூலகம்' நிறுத்தத்தில் இறங்கவும். பஸ் போகும் திசையிலேயே தண்ணீர்த் தொட்டி வரை நடக்கவும். சிக்னலில் சாலையைக் கடந்தால் எதிரே பச்சை கேட். உள்ளே வலப்பக்கம் இரண்டாவது கதவு, டோக்கன் கவுன்ட்டர். மெதுவாக நடந்தால் 10 நிமிடம். வழியில் 3 படிகள் உண்டு."

இதைச் சிறு வாக்கியங்களாக, ஒரு வாக்கியத்துக்கு ஒரு செயல் என்று வையுங்கள். படமாக மட்டும் போட்டால் பார்வையற்றோரின் திரை வாசிப்பான் (திரையில் உள்ள எழுத்தைக் குரலாக வாசிக்கும் செயலி) படிக்காது, எழுத்தாகவும் கொடுங்கள்.

படி 6: புதியவரை நடக்கவிடுங்கள்

அந்தப் பக்கமே வராத ஒருவரிடம் தாளைக் கொடுத்து பஸ்ஸில் அனுப்புங்கள். கூடப் போனாலும் வாய் திறக்காதீர்கள். அவர் எங்கே நின்று சுற்றிப் பார்க்கிறாரோ, அங்கே ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது. திருத்திய பின் கீழே சரிபார்த்த தேதியைப் போடுங்கள். சாலை வேலையால் நிறுத்தம் இடம் மாறினாலோ, பொதுமக்களுக்கான கேட் மாறினாலோ, அன்றே மறுபடி நடந்து பார்த்துத் தேதியையும் மாற்றுங்கள்.