மஸ்டா எம்எக்ஸ்-5 கியர்பாக்ஸில் சீல்களும் தேய்ந்த கியர்களும் மாற்றுவது எப்படி

1989-இல் அறிமுகமான முதல் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5 காரின் ஐந்து வேக கியர்பாக்ஸ் லேசில் உடையாது. ஆனால் இன்று ஓடும் இந்தக் கார்கள் பெரும்பாலும் கால் நூற்றாண்டைத் தாண்டியவை. சீலின் ரப்பர் விறைத்திருக்கும், காலைக் குளிரில் இரண்டாம் கியர் முரண்டு பிடிக்கும். சீலின் விலை சொற்பம், கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும் உழைப்புதான் பெரிது. அதனால் ஒரு சீல் ஒழுகினாலும் இறக்கிய கையோடு எல்லா சீலையும் மாற்றிவிடுவதே கணக்குக்குச் சரி. கியரைப் பிரிப்பது வேறு. அதை உறுதியான அறிகுறி இருந்தால் மட்டும் தொடுங்கள்.

இறக்குவதற்கு முன் காதால் சோதிக்க வேண்டும். வண்டியை நியூட்ரலில் ஓடவிட்டு கிளட்ச் பெடலிலிருந்து காலை எடுங்கள். அப்போது 'உர்ர்' என்று இரைந்து, பெடலை மிதித்ததும் நின்றால், இன்ஜினின் சுழற்சியை வாங்கும் இன்புட் ஷாஃப்டின் பேரிங்கோ, அதை மற்ற கியர்களுக்குக் கடத்தும் கவுண்டர் ஷாஃப்டின் பேரிங்கோ தேய்ந்திருக்கிறது. மாறாக, மிதித்தால்தான் சத்தம் வருகிறது என்றால் குற்றவாளி கிளட்ச்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங், கியர்பாக்ஸைப் பிரிக்கவே தேவையில்லை. நான்காம் கியர் விகிதம் 1.000, அதாவது இன்புட் ஷாஃப்டும் மெயின் ஷாஃப்டும் நேரடியாகப் பூட்டிக்கொள்ளும். கவுண்டர் ஷாஃப்ட் சுழன்றாலும் அதன் மேல் சுமை ஏறாது. எனவே மற்ற கியர்களில் ஊளையிட்டு நான்காமில் மட்டும் அமைதியாகிவிட்டால் கவுண்டர் ஷாஃப்ட் பக்கம் பாருங்கள். ஒரே கியரில் மட்டும் ஊளை என்றால் அந்த ஜோடியின் பற்களில்தான் குழி விழுந்திருக்கும்.

மாற்றும்போது கரகரவென்று அரைத்தால், கியரின் வேகத்தை ஷாஃப்டின் வேகத்தோடு ஒன்றாக்கும் சிங்க்ரோ ரிங் தேய்ந்திருக்கலாம். ஆனால் ரிவர்ஸ் உட்பட எல்லாக் கியரும் அரைக்கிறதா? அப்படியானால் கிளட்ச் முழுதாக விடவில்லை. இந்தக் காரில், பெடலின் அழுத்தத்தைத் திரவத்தால் வாங்கி கிளட்ச்சை விடுவிக்கும் ஸ்லேவ் சிலிண்டர் ஒழுகுவது பழைய வழக்கம். அதன் ரப்பர் உறையை விலக்கிப் பாருங்கள், உள்ளே ஈரம் இருந்தால் சிலிண்டரை மாற்றினாலே வேலை முடியும். ஆக்சிலரேட்டரை விட்டதும் கியர் தானாக வெளியே குதித்தால், கியரைப் பூட்ட நகரும் வளையமான ஸ்லீவின் பற்களும் கியரின் பிடிப்புப் பற்களும் முனை மழுங்கியிருக்கும், அல்லது ஸ்லீவை நகர்த்தும் ஃபோர்க் தேய்ந்திருக்கும்.

ஒழுகலைப் பொறுத்தவரை, கிளட்ச்சை மூடும் முன் கூடான பெல் ஹவுசிங்கின் அடியில் சொட்டினால் முதலில் மோந்து பாருங்கள். கியர் எண்ணெய் கந்தகவாடை அடிக்கும், இன்ஜின் எண்ணெய் அடிக்காது. இன்ஜின் எண்ணெய் என்றால் கிராங்க் ஷாஃப்டின் பின் சீல். வால்பகுதியில் சொட்டினால் அவுட்புட் சீலா, ஸ்பீடோமீட்டர் கேபிளின் கியர் நுழையும் இடத்து ஓ-ரிங்கா என்று பாருங்கள். ஓ-ரிங்கிலிருந்து வழியும் எண்ணெய் வால் வரை ஓடி, சீல் ஒழுகுவதுபோல் ஏமாற்றும்.

இறக்குதல்

நிரப்பும் பிளக் திறக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் வடிக்கும் பிளக்கில் கை வைக்க வேண்டும். எண்ணெயை வடித்த பிறகு நிரப்பும் பிளக் அசையாவிட்டால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். எண்ணெய் வெதுவெதுப்பாக இருக்கும்போது வடியுங்கள். பிளக்கில் ஒட்டியிருக்கும் சாம்பல் நிறப் பசை சாதாரணத் தேய்மானம். பித்தளைத் துணுக்கு சிங்க்ரோவைக் காட்டும். எஃகுச் சில்லோ பல் முனையோ கிடைத்தால் உள்ளே பார்க்காமல் மூடக் கூடாது.

பேட்டரியைக் கழற்றி, உள்ளே கன்சோலை எடுத்து, கியர் லீவரை வெளியே எடுங்கள். அடியில் இருக்கும் சிறிய ரப்பர் பூட் பெரும்பாலும் கிழிந்தே இருக்கும். கேபினுக்குள் சூடும் இரைச்சலும் வர அதுவே காரணம். லீவரின் முனையில் உள்ள நைலான் புஷ்ஷையும் பாருங்கள், உடைந்திருந்தால் லீவர் தளர்ந்து ஆடும். இரண்டும் மலிவு, யோசிக்காமல் புதிது போடுங்கள்.

காரை நான்கு ஸ்டாண்டில் உறுதியாக நிறுத்துங்கள். டிரைவ் ஷாஃப்டும் டிஃபரன்ஷியல் பிளேட்டும் சேருமிடத்தில் குறியிட்டு, நான்கு போல்ட்டைக் கழற்றி ஷாஃப்டை உருவுங்கள். அவுட்புட் சீல் மட்டும் மாற்றுவதாக இருந்தால் இதுவே போதும், பெட்டியை இறக்கவே வேண்டாம். ஷாஃப்டை உருவியதும் மீதி எண்ணெய் கொட்டும், தட்டு தயாராக இருக்கட்டும். பிறகு எக்ஸாஸ்டின் முன் பகுதி, ஸ்பீடோமீட்டர் கேபிள், சுவிட்ச் ஒயர்கள், ஸ்டார்ட்டர் என்று வரிசையாகக் கழற்றுங்கள். ஸ்லேவ் சிலிண்டரின் குழாயைத் திறக்காமல் கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள்.

எம்எக்ஸ்-5க்கே உரிய சிக்கல் பவர் பிளான்ட் ஃபிரேம். கியர்பாக்ஸையும் டிஃபரன்ஷியலையும் இணைக்கும் அலுமினிய உத்திரம் அது. கியர்பாக்ஸுக்கு வேறு குறுக்குத் தாங்கி கிடையாது. எனவே அதன் போல்ட்டுகளைத் தளர்த்தும் முன் கியர்பாக்ஸின் அடியில் ஒரு ஜாக், டிஃபரன்ஷியலின் மூக்கில் ஒரு ஜாக் இருந்தே ஆக வேண்டும். எந்தப் போல்ட் எங்கிருந்து வந்தது, ஸ்பேசர் எந்தப் பக்கம் என்று படம் எடுத்து வையுங்கள். பிடிமானம் போனதும் இன்ஜின் பின்பக்கம் சாயும். என்ஏ எனப்படும் இந்த முதல் தலைமுறையில் சிலிண்டர் ஹெட்டின் பின்னால் இருக்கும் கேம் சென்சார், ஃபயர்வாலில் மோதி உடைய அதுதான் தருணம். இன்ஜினுக்கும் ஒரு ஜாக் கொடுங்கள், இடையில் ஒரு மரத்துண்டு வையுங்கள்.

பெல் ஹவுசிங் போல்ட்டுகள் வந்ததும் பெட்டியை நேர்கோட்டில் பின்னால் இழுங்கள். அதன் எடையை இன்புட் ஷாஃப்டின் முனையில் ஒரு நிமிடமும் தொங்கவிடாதீர்கள், கிளட்ச் டிஸ்க்கின் மையம் வளையும்.

சீல்கள்

முன் சீல், பெல் ஹவுசிங்குக்குள் ரிலீஸ் ஃபோர்க்கின் பின்னால் இருக்கும் முன் மூடிக்குள் உட்கார்ந்திருக்கிறது. மூடியைக் கழற்றும்போது பேரிங்குக்கும் மூடிக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய தகட்டு வளையமான ஷிம்மைக் கவனியுங்கள். மூடியில் ஒட்டிக்கொண்டு வந்து கீழே விழுந்து தொலைந்தால் பேரிங்கின் ஆட்டம் மாறிவிடும். புதுப் பேரிங் போட்டால் ஷிம் கணக்கையும் மீண்டும் அளக்க வேண்டும்.

சீலை நெம்பி எடுக்கையில் கூடு கீறாமல் பாருங்கள், கீறலே அடுத்த ஒழுகலின் வழி. சீல் உதடு ஓடிய இடத்தில் ஷாஃப்டை நகத்தால் தடவுங்கள். நகம் சிக்கும் அளவு பள்ளம் இருந்தால் எவ்வளவு நல்ல சீலும் நிற்காது. டிரைவ் ஷாஃப்டின் யோக் என்றால் அதை மாற்றலாம். இன்புட் ஷாஃப்ட் என்றால் புது சீலை இரண்டு மில்லிமீட்டர் போல ஆழமாக உட்காரவைத்து, உதடு பள்ளமில்லாத பரப்பில் ஓடச் செய்யலாம், ஆனால் எண்ணெய் வழியை மறைக்காமல் இருக்க வேண்டும்.

புது சீலின் வெளி விளிம்பில் கொஞ்சம் கியர் எண்ணெய், உதட்டில் லித்தியம் கிரீஸ் பூசுங்கள். சீலின் விட்டத்துக்கு ஒத்த சாக்கெட்டை வைத்துச் சுற்றிலும் சமமாகத் தட்டுங்கள். முன் மூடியை ஷாஃப்டின் மேல் நுழைக்கும்போது அதன் நீளவாக்குப் பற்களான ஸ்பிளைன்களை டேப்பால் மூடுங்கள், இல்லையெனில் புது உதடு அங்கேயே கிழியும். மூடிக்கு மெல்லிய சிலிகான் கோடு போதும்.

கியர்கள்

ஒன்று முதல் நான்கு வரை முன் பெட்டியிலும், ஐந்தும் ரிவர்ஸும் பின்பகுதியிலும் இருக்கின்றன. அதனால் ஐந்தாம் கியர் வேலைக்கு முன்பகுதியைப் பிரிக்க வேண்டியதில்லை, வால் உறையைக் கழற்றினால் எட்டும். ஷாஃப்டின் நட்டுகள் பள்ளத்தில் நசுக்கிப் பூட்டப்பட்டவை. இரண்டு கியரை ஒரே நேரத்தில் சேர்த்து ஷாஃப்டுகளைப் பூட்டிக்கொண்டு அவிழ்க்கலாம். பழைய நட்டு மறுபடி உதவாது. புது நட்டை ஒர்க்‌ஷாப் மேனுவலின் அளவுக்கு இறுக்கி, அதே பள்ளத்தில் நசுக்கிப் பூட்டுங்கள்.

சிங்க்ரோ ரிங்கை அதன் கியரின் கூம்பில் அழுத்திச் சுற்றிலும் ஃபீலர் கேஜால் இடைவெளி அளங்கள். புதியதில் சுமார் 1.5 மி.மீ. இருக்கும், 0.8 மி.மீ.க்குக் கீழே போனால் மாற்றுங்கள். உள்ளே உள்ள நுண்ணிய வரிகள் மழுங்கிப் பளபளத்தாலும் மாற்றுங்கள். அழுத்தித் திருப்பினால் ரிங் கூம்பைப் பிடித்து நிற்க வேண்டும், வழுக்கினால் பயனில்லை. இடைவெளி ஒரு பக்கம் அதிகம், மறு பக்கம் குறைவு என்றால் ரிங் வளைந்திருக்கிறது.

தேய்ந்த கியரை ஒற்றையாக மாற்றுவது வீண் செலவு. புதுப் பல் பழைய பல்லோடு உரசினால் இரைச்சல் புதிதாகத் தொடங்கும், பழைய பல்லின் குழி புதியதையும் கெடுக்கும். ஜோடியாக மாற்றுங்கள். ஆனால் கவுண்டர் ஷாஃப்டின் முன் கியர்கள் ஷாஃப்டோடு ஒரே துண்டாக இருப்பதால், முன் கியர்களில் பல் போயிருந்தால் முழு ஷாஃப்டும் வேண்டும். பேரிங், சிங்க்ரோ எல்லாம் கூட்டிப் பார்த்தால் நல்ல நிலையில் உள்ள பழைய பெட்டி ஒன்றை வாங்குவது மலிவாகலாம். கூட்டிப் பார்த்தபின் பிரியுங்கள்.

ஸ்லீவையும் அது நகரும் மையமான ஹப்பையும் பிரிக்கும் முன் ஒன்றுக்கொன்று எதிரே குறியிடுங்கள். இரு பக்கத்துச் சுருள் கம்பிகளின் வளைந்த முனை ஒரே சாவியில் (ஹப்பின் பள்ளத்தில் உட்காரும் சிறு துண்டு) மாட்டக் கூடாது. கியரை இடத்தில் நிறுத்தும் டிடென்ட் ஸ்பிரிங்குகளையும் பந்துகளையும் கிரீஸில் ஒட்டி வைத்து மாட்டுங்கள். ஃபோர்க்குகளைத் தாங்கும் ரெயில்களுக்கு நடுவே இருக்கும் இன்டர்லாக் பின் விடுபட்டால் இரண்டு கியர் ஒன்றாக விழுந்து பெட்டி பூட்டிக்கொள்ளும். பேரிங்கை அழுத்தும்போது ஷாஃப்டோடு சேரும் உள்வளையத்தை மட்டும் அழுத்துங்கள். வெளிவளையத்தில் அழுத்தினால் பந்துகள் தடம் பதிக்கும், மறுநாளே இரையும். மூடுமுன் கையால் சுழற்றி, ஒவ்வொரு கியரையும் போட்டுப் பாருங்கள்.

ஏற்றுதல்

இன்புட் ஷாஃப்டின் முனையைத் தாங்கும் பைலட் பேரிங், ரிலீஸ் பேரிங், கிராங்க் பின் சீல் மூன்றையும் இப்போதே மாற்றுங்கள். கிளட்ச் டிஸ்க்கை மையக் கருவியால் நேராக்காமல் பெட்டி உள்ளே போகாது. உள்ளே போகாத பெட்டியைப் போல்ட்டை இறுக்கி இழுக்காதீர்கள், பெல் ஹவுசிங்கின் காது உடையும்.

பெல் ஹவுசிங் போல்ட்டுகள் 64–89 நியூட்டன் மீட்டர், பவர் பிளான்ட் ஃபிரேமின் போல்ட்டுகள் 104–123. ஃபிரேமை முதலில் தளர்வாகவே மாட்டி, ஜாக்கால் கியர்பாக்ஸின் வாலை ஏற்றி இறக்கி, டிரைவ் ஷாஃப்டின் கோணம் சரியான பிறகே இறுக்குங்கள். கோணம் தவறினால் நெடுஞ்சாலை வேகத்தில் அதிர்வு தெரியும், அதற்கு டயரைக் குறை சொல்லிப் பயனில்லை. டிஃபரன்ஷியல் பக்க டிரைவ் ஷாஃப்ட் போல்ட்டுகள் 27–30, வடிக்கும் பிளக் 39–58, நிரப்பும் பிளக் 25–39. இரண்டு பிளக்கிலும் புது வாஷர் போடுங்கள்.

எண்ணெய் 2.0 லிட்டர், 75டபிள்யூ-90. கார் சமதரையில் இருக்கையில் நிரப்பும் துளையின் விளிம்பில் வழிய வேண்டும். தயாரிப்பாளர் ஜிஎல்-4, ஜிஎல்-5 என்ற எண்ணெய்த் தரங்கள் இரண்டையும் அனுமதித்திருந்தாலும் ஜிஎல்-4 நல்லது. ஜிஎல்-5இன் கந்தகச் சேர்க்கை பித்தளை சிங்க்ரோவுக்கு ஆகாது, சில எண்ணெய்களின் வழுக்கலால் ரிங் பிடிக்கத் தாமதிக்கும். லீவர் உட்காரும் குழியில் தனியாக 80–95 மி.லி. எண்ணெய் ஊற்றுங்கள். இதைப் பலர் மறப்பார்கள், மறந்தால் லீவர் மணல் அரைப்பதுபோல் நகரும். ஸ்லேவ் சிலிண்டரைத் திறக்காவிட்டால் காற்று எடுக்க வேண்டியதில்லை.

முதல் சில நூறு கிலோமீட்டர் கியரை நிதானமாக மாற்றுங்கள், புது சிங்க்ரோ அப்போதுதான் கூம்போடு படியும். 500 கிலோமீட்டரில் எண்ணெயை மாற்றிவிட்டு, வடிக்கும் பிளக்கை மறுபடி பாருங்கள். மெல்லிய சாம்பல் பசை இருக்கும், சில்லு இருக்கக் கூடாது.