கனடாவுக்கு ஸ்பொன்சர்: உங்கள் கலியாணம் உண்மையானது என்று காட்டும் ஆதாரங்களைச் சேர்ப்பது எப்படி?

யாழ்ப்பாணத்தில் கலியாணம் முடித்து, லீவும் முடிந்து கனடாவின் ஸ்காபரோவுக்குத் திரும்பிய பிறகுதான், துணையைக் கனடாவுக்கு அழைப்பதற்கான ஸ்பொன்சர் படிவங்களைத் திறந்து பார்த்தேன். அப்போது என் கையில் இருந்தவை விவாகப் பதிவுச் சான்றிதழும் 600 கலியாணப் படங்களும்தான். சான்றிதழ் இருந்தால் போதும் என்று நினைத்திருந்தேன். ஆனால் கலியாணம் சட்டப்படி நடந்தது என்பதோடு அதன் வேலை முடிந்துவிடும். மற்றதையெல்லாம் நாம்தான் காட்ட வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று, இப்போதுதான் தொடங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

1. அதிகாரி எதைத் தேடுகிறார்?

கனடாவின் குடிவரவு ஒழுங்குவிதிகளில் 4ஆம் பிரிவு இரண்டு கேள்விகளைக் கேட்கிறது. கலியாணம் உண்மையானதா? கனடா வருவதையே முக்கிய நோக்கமாக வைத்துச் செய்ததா? 2010 செப்டம்பர் 30 முதல், இந்த இரண்டில் ஒன்றில் அதிகாரிக்குத் திருப்தி வராவிட்டாலும் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம்.

நோக்கத்தைக் கலியாணம் நடந்த காலத்தை வைத்துப் பார்ப்பார்கள். உண்மைத்தன்மையை இன்றைய நிலையை வைத்துப் பார்ப்பார்கள். அதனால் கலியாணத்துக்கு முன்னைய ஆதாரமும் வேண்டும், பின்னையதும் வேண்டும். பெரும்பாலானவர்களிடம் குவிந்து கிடப்பது கலியாண நாளின் ஆதாரம் மட்டும்தான்.

இன்னொன்று. இருவரில் ஒருவர் நேரில் இல்லாமல், தொலைபேசியிலோ வீடியோவிலோ பதிவு செய்த கலியாணத்தை 2015 ஜூன் 11 முதல் குடிவரவுக்கு ஏற்பதில்லை. கனடியப் படையினருக்கு மட்டும் விலக்கு உண்டு.

2. முதலில் திகதிகளை எழுதுங்கள்

ஒரு கொப்பியை எடுத்து, வீடியோ அழைப்பில் இருவரும் சேர்ந்து எழுதுங்கள். யார் மூலம் சம்பந்தம் வந்தது, சாதகம் எப்போது பார்த்தார்கள், முதலில் எப்போது கதைத்தீர்கள், நேரில் எப்போது கண்டீர்கள், பொன்னுருக்கல் (தாலிக்குப் பொன் உருக்கும் சடங்கு) எப்போது, எழுத்து (விவாகப் பதிவு) எப்போது, தாலி கட்டு எப்போது.

உறவைப் பற்றிய 5532 இலக்கப் படிவத்தில் இதையெல்லாம் விரிவாகக் கேட்பார்கள். 'முதலில் சந்தித்தது' என்று ஒருவர் தொலைபேசியில் கதைத்த நாளையும், மற்றவர் விமான நிலையத்தில் கண்ட நாளையும் சொன்னால் அது முரண்பாடாகத்தான் தெரியும்.

எம்மவர்களுக்கு இங்கே ஒரு சிக்கல் உண்டு. எழுத்தை முதலில் முடித்துவிட்டு, தாலி கட்டுக்கு மாதக்கணக்கில் காத்திருப்போம். ஊரில் இது வழமை. ஆனால் கோப்பைப் படிக்கும் அதிகாரிக்கு அது தெரிந்திருக்க வேண்டும் என்றில்லை. 'பதிவு செய்தும் ஏன் சேர்ந்து வாழவில்லை?' என்ற கேள்வி அவருக்கு வரும். விளக்கக் கடிதத்தில் நான்கு வரியில் அந்த வழமையைச் சொல்லிவிடுங்கள். பேசிச் செய்த கலியாணம் என்றால் அதையும் உள்ளபடியே எழுதுங்கள். காதல் கதையாக மாற்றத் தேவையில்லை.

3. ஆதாரங்களைச் சேர்த்தல்

உங்கள் நாட்டுக்கும் நிலைமைக்கும் உரிய 5533 சரிபார்ப்புப் பட்டியலை, அனுப்பும் கிழமையில் குடிவரவுத் துறையின் தளத்திலிருந்து புதிதாக இறக்கிக்கொள்ளுங்கள். நண்பர் தந்த பழைய பிரதியை நம்ப வேண்டாம்.

படங்கள்: பட்டியல் கேட்பது அதிகபட்சம் 20. ஆறேழு படங்கள் கலியாணத்திலிருந்து போதும். அதிலும் இரு வீட்டாரும் சேர்ந்து நிற்பவையே நல்லவை. மிச்சம் சாதாரண நாட்களாக இருக்கட்டும்: மாமியின் குசினியில் சாப்பிட்டது, நல்லூரில் கால் கழுவிக்கொண்டு நின்றது, மருமகனின் பிறந்தநாள். ஒவ்வொன்றின் கீழும் திகதி, இடம், யார் யார் என்று எழுதுங்கள்.

உரையாடல்கள்: இதிலும் ஏறக்குறைய 10 பக்கம்தான். நான் செய்த பெரிய பிழை இங்கேதான். தொலைபேசியை மாற்றியபோது கலியாணத்துக்கு முந்தைய வாட்ஸ்அப் செய்திகளைப் பிரதி எடுத்து வைக்கவில்லை. ஏழு மாதக் கதை போய்விட்டது. நல்லவேளையாக என் துணையின் தொலைபேசியில் இருந்தது. நீங்கள் இன்றைக்கே பிரதி எடுத்துவிடுங்கள்.

தெரிவு செய்யும்போது மாதத்துக்கு ஒன்றாக, திகதி தெரியும்படி எடுங்கள். 'அப்பாவுக்குக் காய்ச்சல் விட்டதா?', 'சம்பளம் வந்தது, வாடகை கட்டிவிட்டேன்' என்பது போன்ற பேச்சுதான் ஒரு குடும்பத்தைக் காட்டும். அந்தரங்கமானவற்றை அனுப்பத் தேவையில்லை.

போக்குவரவு: விமானச் சீட்டு, போர்டிங் பாஸ், கடவுச்சீட்டில் முத்திரை பதிந்த பக்கங்கள். ஆளை நேரில் போய்ப் பார்த்ததற்கு இவை வலுவான சாட்சி.

பணம்: அனுப்பிய காசின் பற்றுச்சீட்டுகள், கூட்டுக் கணக்கு இருந்தால் அதன் அறிக்கை, வேலையிடக் காப்புறுதியில் துணையின் பெயரைச் சேர்த்த பத்திரம். காசு அனுப்பாத குடும்பங்களும் உண்டு. இதற்காகப் புதிதாக அனுப்பத் தொடங்க வேண்டாம்.

பலர் மறப்பது வருமானவரியை. கலியாணம் முடிந்த மாதத்துக்கு அடுத்த மாதம் முடிவதற்குள் கனடா வருமான முகமைக்குத் திருமண நிலை மாறியதை அறிவிக்க வேண்டும். ஸ்பொன்சர் தன் வரி மதிப்பீட்டையும் கொடுக்க வேண்டியிருக்கும். அதில் இன்னமும் 'தனியாள்' என்றிருந்தால், மற்ற எல்லா ஆதாரத்துக்கும் எதிராக நீங்களே ஒரு சாட்சியை வைத்ததுபோல் ஆகிவிடும்.

உறவினர், நண்பர் கடிதங்கள் துணை ஆதாரம்தான். 'நல்ல பிள்ளைகள்' என்று எழுதுவதால் பயனில்லை. தாங்கள் கண்ணால் கண்டதைத் திகதியோடு எழுதச் சொல்லுங்கள்.

4. மொழிபெயர்ப்பு

ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ இல்லாத எல்லாவற்றுக்கும் மொழிபெயர்ப்பு வேண்டும், தமிழ் உரையாடல்களுக்கும்தான். கனடாவின் சான்றுபெற்ற மொழிபெயர்ப்பாளர் செய்யாவிட்டால், செய்தவரின் சத்தியக்கடதாசியும் சேர வேண்டும். நீங்களோ உங்கள் குடும்பத்தினரோ செய்யக் கூடாது. தொழில்முறை மொழிபெயர்ப்பாளராக இருந்தாலும் கூடாது.

5. கேள்வி வரக்கூடிய இடங்கள்

முந்தைய விவாகரத்து, பெரிய வயது வித்தியாசம், பெற்றோர் வராத கலியாணம், துணைக்கு முன்பு விசா மறுக்கப்பட்டது. இவற்றில் எது இருந்தாலும் மறைக்காதீர்கள். என் சிநேகிதியின் பெற்றோர் சாதிப் பிரச்சினையால் கலியாணத்துக்கு வரவில்லை. அதை அப்படியே எழுதி, வந்திருந்த அண்ணனின் கடிதத்தையும் இணைத்தாள். அவளுக்கு அந்தக் கடிதம் எழுதுவது எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அதுதான் சரி. ஏனென்றால் பொய்த் தகவலோ போலிப் பத்திரமோ பிடிபட்டால் துணைக்கு 5 வருடத் தடை வரலாம். பத்திரம் 'செய்து தருகிறோம்' என்று யார் சொன்னாலும் உடனே எழுந்து வந்துவிடுங்கள்.

6. அனுப்பிய பிறகு

சேர்ப்பதை நிறுத்தாதீர்கள். மறுபடி ஊருக்குப் போனால் அந்தச் சீட்டையும், பிள்ளை கிடைத்தால் பிறப்புச் சான்றிதழையும் இணையப் படிவம் வழியாக அனுப்பலாம். சந்தேகம் எழுந்தால் விளக்கம் கேட்டுக் காலக்கெடுவுடன் கடிதம் வரலாம், நேர்முகத்துக்கும் அழைக்கலாம். வெளிநாட்டிலிருந்து செய்த விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால், பெரும்பாலும் ஸ்பொன்சர் 30 நாட்களுக்குள் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம். அந்தக் கட்டத்தில் ஒரு சட்டத்தரணியைப் பிடித்துவிடுங்கள். அவர் முதலில் கேட்கப்போவது நீங்கள் அனுப்பிய கோப்பின் முழுப் பிரதியை. அதனால் அனுப்புவதற்கு முன்பே ஒரு பிரதியை எடுத்து வையுங்கள்.