டேப்பின் வேகத்தைத் திருத்தாதீர்கள்: ஹூஸ்டன் ராப் ஆய்வைப் பாதுகாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்தில் பாட்டுகளை மெதுவாக்கி மிக்ஸ் செய்த டிஜே ஸ்க்ரூவின் டேப்பை முதன்முதலாகக் கேட்பவர்கள் பிளேயர் கெட்டுப்போய்விட்டது என்றே நினைப்பார்கள். பாட்டு இழுத்துக்கொண்டு போகும். குரல் அடித்தொண்டைக்கு இறங்கியிருக்கும். ஒரே சொல் வெட்டுப்பட்டு இரண்டு மூன்று தடவை திரும்பி வரும். கோளாறு எதுவும் இல்லை, 90களில் அவர் கையில் ஹூஸ்டன் ராப் அப்படித்தான் ஒலித்தது. ஸ்க்ரூ தன் வீட்டிலேயே மிக்ஸ் செய்து, சாம்பல் நிற கேசட்டுகளில் பதிந்து, வீட்டிலிருந்தே விற்றார். 1998-இல் தனிக் கடை போட்டார். 2000 நவம்பரில், 29 வயதில் இறந்துபோனார்.

இப்படிப்பட்டவர்களின் வரலாறு கம்பெனி ஆவணங்களில் கிடைக்காது. கைக்குக் கை போன கேசட்டுக்கு ஏது பதிவேடு? அப்போது அங்கே போய் உட்கார்ந்து பேசிய பத்திரிகையாளரின் நேர்காணல் டேப், நோட்டு, துண்டுச்சீட்டு, போட்டோ இவைதான் பல விஷயங்களுக்கு ஒரே சாட்சி. இவையெல்லாம் கிடக்கும் பெட்டியைக் காப்பாற்ற நினைப்பவர்கள் நல்ல எண்ணத்தோடு செய்யும் தவறுகளே அதிகம்.

முக்கியமான தவறு, சரிசெய்கிறேன் என்று வேகத்தில் கை வைப்பது. நேர்காணலின்போது பின்னால் ஒரு ஸ்க்ரூ டேப் ஓடிக்கொண்டிருந்தது என்று வையுங்கள். டிஜிட்டலாக்குபவருக்கு அந்த இசை பழக்கமில்லை என்றால், டேப் மெதுவாக ஓடுகிறது என்று நினைத்து வேகத்தைக் கூட்டிவிடுவார். பாட்டு சரியானதுபோல் தெரியும், பேசியவர்கள் கீச்சுக்குரலாகிவிடுவார்கள். பத்திரிகையாளரின் சொந்தக் குரலை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். ரெக்கார்டர் கரண்டில் ஓடியிருந்தால் இன்னொரு வழியும் உண்டு. அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். அதன் மெல்லிய இரைச்சல் டேப்பில் விழுந்திருந்தால், அது 60-இல் நிற்கிறதா என்று மென்பொருளில் பார்த்துவிடலாம். எதுவானாலும் முதல் பிரதி அப்படியே இருக்கட்டும், திருத்தமெல்லாம் நகலில் செய்யுங்கள்.

அடுத்தது, பெட்டியை ஒழுங்குபடுத்துவது. டேப் ஒரு பக்கம், போட்டோ ஒரு பக்கம், நோட்டு ஒரு பக்கம் என்று பிரித்தால் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் ‘ஜூன் 27’ என்ற 1996-ஆம் ஆண்டு ஸ்க்ரூ டேப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அரைமணி நேரத்துக்கும் மேல் நண்பர்கள் மாறி மாறி, எழுதி வைக்காமல் ராப் பாடும் பதிவு அது. அந்தத் தேதி அவர்கள் கூட்டாளி டிமோவின் பிறந்தநாள். பிறந்தநாளுக்கு ஸ்க்ரூவிடம் தனி டேப் போடச் சொல்வது அவர்களிடையே வழக்கமாக இருந்தது. இது தெரியாதவர் லேபிளைப் பார்த்ததும் வெறும் ‘பதிவான தேதி’ என்று மட்டும் பட்டியலில் ஏற்றிவிடுவார். இந்த மாதிரி விவரம் எல்லாம் டேப்போடு ரப்பர் பேண்டு போட்டு வைத்த ஒரு சீட்டில்தான் இருக்கும். ஆகவே தொடுவதற்கு முன்பே பெட்டியைப் போட்டோ எடுங்கள், இருக்கும் வரிசைப்படியே எண் போடுங்கள். ரப்பர் பேண்டு நாளாக ஆக இளகி ஒட்டிக்கொள்ளும், அதை எடுத்துவிடத்தான் வேண்டும். எது எதோடு கட்டியிருந்தது என்று எழுதிவிட்டு எடுங்கள்.

பேச்சை எழுத்தில் எடுத்தாயிற்றே, டேப் எதற்கு என்பவர்களை என்னால் ஏற்கவே முடியாது. ஹூஸ்டனில் ‘ஸ்லாப்’ என்றால் பளபளக்கும் பெயின்ட் அடித்து, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சக்கரம் மாட்டிய கார். அகராதியை நம்பியவர் அதைக் கல்பலகை என்று எழுதிவைப்பார். ‘ட்ரில்’ என்பது ட்ரூ, ரியல் இரண்டும் சேர்ந்த சொல். அதே டெக்சாஸ் மாநிலத்துப் போர்ட் ஆர்தர் ஊரின் யூஜிகே என்ற ராப் குழு பரப்பியது. தானாக எழுதித்தரும் மென்பொருள் அதை ‘த்ரில்’ ஆக்கிவிட வாய்ப்புண்டு. பேசியதை இலக்கண ஆங்கிலமாகத் திருத்தி எழுதினால் ஊரே காணாமல் போய்விடும். ஊருக்குள்ளும் வடக்கு, தெற்கு என்று பிரிவு உண்டு. பேசியவர் எந்தப் பகுதி என்பதைப் பெயருக்குப் பக்கத்திலேயே குறியுங்கள்.

சரி, டேப்பை ஓட்டுவதற்கு முன் அதன் மேல்விளிம்பில் உள்ள இரண்டு சிறு பிளாஸ்டிக் நாக்குகளையும் உடைத்துவிடுங்கள். தவறிப்போய் ரெக்கார்ட் பட்டனை அமுக்கினாலும் அழியாது. எம்பி3 ஆக மட்டும் சேமிக்காதீர்கள். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வேவ் (WAV, ஒலியைச் சுருக்காத) கோப்பாக எடுத்து, ஒரு பிரதியை வேறு ஊரில் வையுங்கள். ஹூஸ்டன் ஈரக்காற்று அடிக்கும் ஊர், 2017-இல் ஹார்வி புயலில் வீடு வீடாகத் தண்ணீர் புகுந்த ஊர். கார் ஷெட்டில் டேப் வைப்பது அங்கே ஆகவே ஆகாது.

இணையத்தில் உள்ள பாட்டு, கட்டுரைகளுக்கு முகவரியை நோட்டில் எழுதிவைத்தால் போதும் என்று நினைப்பதும் தப்பு. 2003 முதல் 2015 வரை மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளத்தில் ஏற்றிய பாட்டுகள் தொலைந்துபோனது 2019-இல் தெரியவந்தது. 2024-இல் எம்டிவி நியூஸின் பழைய கட்டுரைகள் ஒரேயடியாக இணையத்திலிருந்து எடுக்கப்பட்டன. பக்கத்தையே சேமித்து, சேமித்த தேதியையும் போடுங்கள்.

அப்புறம், எல்லாவற்றையும் உடனே பொதுவில் போட்டுவிடாதீர்கள். அமெரிக்க நீதிமன்றங்களில் ராப் வரிகளையே சாட்சியமாக வைத்த வழக்குகள் உண்டு. அதற்குக் கட்டுப்பாடு வைத்து 2022-இல் கலிஃபோர்னியா சட்டமே போட்டது. பாட்டுக்கே இந்த நிலை என்றால், ‘இதை எழுதாதே’ என்று ஒருவர் நம்பிச் சொன்ன பேச்சு எவ்வளவு ஆபத்தானது! அந்தப் பகுதிகளை இத்தனை வருஷம் திறக்கக் கூடாது என்று நூலகத்தோடு எழுத்தில் ஒப்பந்தம் செய்யலாம். போட்டோவின் உரிமை எடுத்தவரிடமோ பத்திரிகையிடமோ இருக்கலாம், அதையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

ஹூஸ்டன் பல்கலைக்கழக நூலகம் ஸ்க்ரூவின் இசைத்தட்டுகளையும் நகரத்து ஹிப் ஹாப் ஆவணங்களையும் சேர்த்துவைத்திருக்கிறது. ஆனால் நூலகத்துக்குப் போன பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட வேண்டாம். பத்திரிகையாளர் நன்றாக இருக்கும்போதே அவரோடு உட்கார்ந்து டேப்பை ஓட்டுங்கள், பக்கத்தில் இன்னொரு ரெக்கார்டரையும் போடுங்கள். நடுவில் கதவைத் திறந்து வந்தது யார், அது யார் வீடு, பின்னால் விழுந்து விழுந்து சிரிப்பது யார் என்று நிறுத்தி நிறுத்திக் கேளுங்கள்.