சென்னை–திருச்சி ரயிலில் புதிதாகப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

எழும்பூரா சென்ட்ரலா என்று பார்க்காமல் ஓடுவது, தண்ணீர் வாங்க இறங்கி ரயிலை விடுவது பற்றியெல்லாம் சொல்லப்போவதில்லை. அதை ஒரு முறை பட்டால் தானே தெரிந்துவிடும். தெரிந்தவர்கள் என்று நினைத்துக்கொண்டு செய்யும் தவறுகள்தான் எரிச்சலூட்டுகின்றன. ஒரு காலத்தில் நாமும் செய்தவைதான் என்பதால் எரிச்சல் கொஞ்சம் கூடுதல்.

சென்னை–திருச்சி ஒரே பாதை என்று நம்புவது

இரண்டு பாதைகள் இருக்கின்றன. விழுப்புரத்தில் பிரிகின்றன. ஒன்று விருத்தாசலம், அரியலூர், லால்குடி, ஸ்ரீரங்கம் வழியாக நேராகத் திருச்சிக்குப் போகும் கார்டு (chord) லைன். இன்னொன்று பண்ருட்டி, கடலூர், சிதம்பரம், சீர்காழி, மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் என்று டெல்டாவைச் சுற்றி வரும் மெயின் லைன். பெயரைக் கேட்டு ஏமாறக் கூடாது. மெயின் லைன்தான் பழையது, சுற்று வழி. கார்டு லைன் பின்னால் போட்ட குறுக்கு வழி. மதுரை, நெல்லைப் பக்கம் ஓடும் பெரும்பாலான எக்ஸ்பிரஸ்கள் அதில்தான் போகின்றன.

தெரிந்த ஒரு குடும்பம் கும்பகோணம் கோயில்களுக்குக் கிளம்பியது. “திருச்சி ரயில்தானே, நடுவில் இறங்கிக்கலாம்” என்று மதியம் வைகை எக்ஸ்பிரஸில் ஏறிவிட்டார்கள். விழுப்புரம் தாண்டியும் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வயலும் வாய்க்காலும் வரும் என்று ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பாட்டிக்கு வந்ததெல்லாம் காய்ந்த செம்மண்ணும் சோளக்கொல்லையும்தான். அப்புறம் டிடிஆரைக் கேட்டிருக்கிறார்கள். பதறிப்போய் விருத்தாசலத்தில் இறங்கி, பிள்ளைகுட்டியோடு பஸ் மாறி மாறி, நள்ளிரவில்தான் கும்பகோணம் போய்ச் சேர்ந்தார்கள்.

இறங்கியதுதான் பெரிய தவறு. ஏறியது ஏறியாகிவிட்டது, பேசாமல் திருச்சி வரை போயிருக்கலாம். அங்கிருந்து தஞ்சாவூர் வழியாகக் கும்பகோணம் சுமார் 90 கிலோமீட்டர்தான், ரயிலும் உண்டு, பஸ்ஸும் உண்டு.

இதே தவறு தலைகீழாகவும் நடக்கிறது. ஸ்ரீரங்கத்துக்குப் போகிறவர் பகலில் வசதி என்று சோழன் எக்ஸ்பிரஸில் ஏறுவார். சோழன் மெயின் லைன் வண்டி. தஞ்சாவூர், திருவெறும்பூர், பொன்மலை என்று கிழக்கிலிருந்து திருச்சிக்குள் வரும், காவிரியின் வடகரையில் இருக்கும் ஸ்ரீரங்கத்தைத் தொடவே தொடாது. போதாததற்கு விழுப்புரத்திலிருந்து தஞ்சாவூர் வரை ஒற்றைப் பாதை. எதிர் வண்டிக்காக ஏதாவது ஒரு ஸ்டேஷனில் கிராசிங்குக்கு நிறுத்திவைப்பார்கள்.

முன்பதிவில்லா டிக்கெட் எடுத்தால் அதில் ‘வழி’ என்ன அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள். கட்டணம் தூரத்தைப் பொறுத்தது. குறுக்கு வழிக்கு எடுத்த டிக்கெட்டோடு சுற்று வழி வண்டியில் உட்கார்ந்திருந்தால் டிடிஆரிடம் வாதாடிப் பயனில்லை.

சரி, எப்படித்தான் கண்டுபிடிப்பது? வண்டியின் பெயரையும் போய்ச்சேரும் ஊரையும் விடுங்கள், நிற்கும் ஊர்களின் பட்டியலைப் பாருங்கள். விருத்தாசலம் இருந்தால் கார்டு, மயிலாடுதுறை இருந்தால் மெயின். இதைப் பார்க்க அரை நிமிடம் ஆகாது. இருந்தும் யாரும் பார்ப்பதில்லை.

கடலூர் என்றால் ஒரே ஸ்டேஷன் என்று நினைப்பது

ஊருக்கு நடுவில், பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருப்பது திருப்பாதிரிப்புலியூர். முதுநகரில் இருப்பது துறைமுகம் சந்திப்பு. விருத்தாசலத்திலிருந்து வரும் கிளைப்பாதை சேருவது இரண்டாவதில். மஞ்சக்குப்பத்தில் வேலை இருப்பவர் துறைமுகத்தில் இறங்கினால் ஆட்டோக்காரர் சொல்வதுதான் விலை.

ஸ்டேஷன் குறியீட்டை அவசரமாகப் படிப்பது

டிஜே (TJ) தஞ்சாவூர். டிபிஜே (TPJ) திருச்சி.

தாம்பரத்தை மறப்பது

பல்லாவரம், குரோம்பேட்டைக்காரர்கள் எழும்பூர் வரை போய்த் திரும்பி வர வேண்டாம், வண்டி தாம்பரத்தில் நிற்குமானால் அங்கேயே ஏறிக்கொள்ளலாம்.

திருச்சி டவுனும் கோட்டையும்

கேட்டால் இரண்டும் மலைக்கோட்டைக்குப் பக்கம் என்பார்கள். டவுன் ஸ்டேஷன் கார்டு லைனில், ஸ்ரீரங்கத்துக்கும் சந்திப்புக்கும் நடுவே இருக்கிறது. கோட்டை ஸ்டேஷன் கரூர், ஈரோடு போகும் பாதையில். ஈரோடு வண்டிக்கு டவுனில் போய் நின்றால் நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான்.