தொடை இடுக்கு வலி: எக்ஸ்ரேயின் கோணம் மாறியதும் பிடிபட்டது

சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுந்தால் வலது தொடை இடுக்கில் சுருக்கென்று பிடிக்கும். பைக்கில் நெடுந்தூரம் போனாலும் அப்படியே. வயது முப்பதுகூட ஆகவில்லை. தசைப்பிடிப்பு என்றார்கள், முதுகுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள், அதில் ஒன்றுமில்லை.

பிறகு பார்த்த எலும்பு மருத்துவர், "எங்க வலிக்குது, கையால காட்டுங்க" என்றார். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்து இடுப்பின் பக்கவாட்டைக் கவ்விக் காட்டினேன். மூட்டுக்குள் கோளாறு உள்ளவர்கள் பலர் இப்படித்தான் காட்டுவார்களாம். மல்லாக்கப் படுக்கவைத்து, காலை மடக்கி, உள்பக்கம் சாய்த்துத் திருப்பினார். அதே வலி!

நேராக எடுத்த இடுப்பு எக்ஸ்ரே சாதாரணமாகத்தான் இருந்தது. தொடை எலும்பின் தலையும் கழுத்தும் சேரும் இடத்தில் முன்பக்கமாக வளர்ந்து, காலை மடக்கும்போது இடுப்புக் கிண்ணத்தின் விளிம்பில் இடிக்கும் மேடு அதில் ஒளிந்துகொள்ளும். இடுப்பை 45 டிகிரி மடக்கி எடுக்கும் 'டன் வியூ' படத்தில்தான் தெரிந்தது. மேடு எவ்வளவு புடைத்திருக்கிறது என்று காட்டும் ஆல்ஃபா கோணம் 60 டிகிரிக்கு மேல், இயல்பைவிட அதிகம். இடுப்பு எம்.ஆர்.ஐ.யில் கிண்ணத்தின் விளிம்புக் குருத்தெலும்பில் சிறு கிழிசல்.

இந்த மேடு வலியே இல்லாத பலருக்கும் இருக்கும். அதனால்தான் இந்த இடிப்புக் கோளாறு (எஃப்.ஏ.ஐ.) பற்றிப் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து எட்டிய 2016 வார்விக் உடன்பாடு, நோயை உறுதிசெய்யத் தொந்தரவு, பரிசோதனை, படம் மூன்றும் ஒத்துப்போக வேண்டும் என்கிறது. படத்தை மட்டும் பார்த்து ஆபரேஷனுக்கு நாள் குறிப்பவர்களிடம் எனக்கு நம்பிக்கையில்லை.

எனக்குப் பலித்தது பிசியோதெரபி: பிட்டத் தசைக்கும் வயிற்றுத் தசைக்கும் வலுவூட்டும் பயிற்சி, ஆழமாகக் குந்துவதை நிறுத்தியது, உயரமான நாற்காலி. மேடு அப்படியேதான் இருக்கிறது. வலி பெரும்பாலும் போய்விட்டது. ஆர்த்ராஸ்கோபி (மூட்டுக்குள் சிறு துளை வழியாகச் செய்யும் ஆபரேஷன்) இப்போதைக்குத் தேவைப்படவில்லை.