வீட்டு மெஷினிலேயே க்வில்ட் ஃபிரேம்: முதல் முறை தைப்பவர்களுக்கு

க்வில்ட் என்பது மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி என மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்கும் போர்வை. சாதாரணத் தையலில் மெஷின் நின்ற இடத்தில் நிற்கும், துணி நகரும். க்வில்ட் ஃபிரேமில் அப்படியே தலைகீழ். துணி உருளைகளில் விரிந்திருக்கும். மெஷின் ஒரு சின்ன வண்டியில் ஏறி நாலா பக்கமும் ஓடும். தரையில் குனிந்து மூன்று அடுக்கையும் ஊக்கு குத்திச் சேர்க்கும் வேலையே இல்லை. இதற்காகவே எனக்கு ஃபிரேம் பிடிக்கும்.

முதலில் உங்கள் மெஷினில் ஊசிக்கும் வலப்பக்கத் தூணுக்கும் நடுவே எவ்வளவு இடம் என்று அளந்து பாருங்கள். வீட்டு மெஷின்களில் பெரும்பாலும் 6 முதல் 8 அங்குலம். தைத்த பகுதி சுருண்டு அந்த இடத்துக்குள்தான் போக வேண்டும். அதனால் முதல் முயற்சிக்குக் குழந்தைப் போர்வை போதும், 36க்கு 45 அங்குலம். சென்னையில் துணிக்கடைகள் நிறைந்த கோடவுன் தெருவில் மெல்லிய காட்டன் எடுத்து, ஒருமுறை நனைத்துக் காயவைத்து, சுருங்க வேண்டியதைச் சுருங்க விட்டுவிடுங்கள். அடித்துணி மேல்துணியைவிட ஒவ்வொரு பக்கமும் 4 அங்குலம் கூடுதலாக இருக்கட்டும்.

ஃபிரேமைப் பொருத்தியதும் வண்டியில் மெஷினை வைத்துக் கையை எடுங்கள். தானாக ஒரு பக்கம் உருண்டால் தரை மட்டமில்லை. அந்தப் பக்கக் கால்களுக்கு அடியில் அட்டையை மடித்து வையுங்கள். எங்கள் வீடு திருவான்மியூரில், கடற்காற்று உள்ளேயே வரும். வண்டி ஓடும் தண்டவாளம் இரும்பு என்றால் தைக்கும் முன் உலர்ந்த துணியால் துடைப்பது அவசியம்.

இனி துணி. மூன்று உருளை ஃபிரேமில் அடித்துணிக்கு ஒன்று, மேல்துணிக்கு ஒன்று, தைத்ததைச் சுருட்ட ஒன்று. பஞ்சு அடுக்கு இரண்டுக்கும் நடுவே சும்மா தொங்கலாம். இங்கேதான் நான் முதல் போர்வையைக் கெடுத்தேன். மேளத்தோல் போல விறைப்பாக இழுத்துவிட்டேன். தையல் விட்டுவிட்டுப் போனது, ஊசி வளைந்தது. சரியான பதம் இதுதான்: அடியிலிருந்து விரலால் துணியை மேலே தள்ளுங்கள். மேலே இருக்கும் கையால் அந்த விரல் நுனியைத் துணியோடு சேர்த்துப் பிடிக்க முடிய வேண்டும்.

மெஷினில் துணியைத் தள்ளும் பல்லை இறக்குங்கள், தையல் நீளத்தைப் பூஜ்யமாக்குங்கள், க்வில்ட்டிங் ஃபுட் (ஊசியருகே துணியை அழுத்தும் பாதம்) மாட்டி 90/14 அளவு ஊசி போடுங்கள். நடந்துகொண்டே பெடலை மிதிக்க முடியாது. ஸ்டார்ட் பட்டன் உள்ள மெஷின் வசதி. பலவற்றில் பெடல் வயரைக் கழற்றினால்தான் அந்தப் பட்டன் வேலை செய்யும்.

சரி, தைக்கலாம். ஃபுட்டை இறக்க மறக்காதீர்கள், இறக்கினால்தான் மேல்நூலில் இறுக்கம் வரும். சக்கரத்தைக் கையால் ஒரு சுற்று சுற்றி அடியில் உள்ள பாபின் நூலை மேலே எடுங்கள். அதே இடத்தில் நாலு நுணுக்கத் தையல் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். மெஷின் வேகமும் கை வேகமும் ஒத்துப்போவதுதான் முழு வித்தை. அங்குலத்துக்கு 8 முதல் 10 தையல் விழுந்தால் நன்றாக இருக்கும். கை முந்தினால் தையல் நீண்டு, அப்புறம் கால் விரல் மாட்டும்.

ஓரத்து மிச்சத்துணியில் கொஞ்சம் தைத்து, குனிந்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். வளைவுகளில் நூல் இமை முடி மாதிரி விசிறி நின்றால் மேல்நூலைச் சற்று இறுக்கி, வளைவில் நிதானமாகத் திரும்புங்கள்.

ஒரு வரிசை முடிந்ததும் ஊசியையும் ஃபுட்டையும் தூக்கிவிட்டு, அதன் பிறகே உருளையைச் சுருட்டுங்கள். சுருள் தடிக்கத் தடிக்க, 7 அங்குல இடம் கடைசியில் 4 ஆகிவிடலாம். டிசைன் எடுக்கும்போதே அந்த 4 அங்குலத்துக்குள் அடங்குவதாக எடுங்கள்.