மெரினா சிலைகளை நடந்தே காட்டுவது எப்படி

மெரினா சிலைகள் நம்மில் பலருக்கு பஸ் ஜன்னல் வழியாகத்தான் பழக்கம். "கண்ணகி சிலைகிட்ட இறங்கிக்கோ" என்று வழி சொல்லுவோம், ஆனால் இறங்கி அந்தக் கண்ணகியைப் பார்த்திருக்க மாட்டோம். ஊரிலிருந்து யாராவது வந்தால் நான் அவர்களைக் கூட்டிக்கொண்டு உழைப்பாளர் சிலையிலிருந்து காந்தி சிலை வரைக்கும் நடப்பது வழக்கம். மொத்தம் இரண்டு, இரண்டரை கிலோமீட்டர்தான், ஆனால் இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள். எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம், காமராஜர் சாலை இரைச்சலில் பின்னால் நிற்பவருக்கு உங்கள் குரல் போய்ச் சேராது.

முதலில் வெளிச்சம். சிலைகள் பெரும்பாலும் சாலையைப் பார்த்து, அதாவது மேற்கே பார்த்து நிற்கின்றன. காலையில் போனால் சூரியன் அவற்றின் முதுகுக்குப் பின்னால் கடலிலிருந்து ஏறும், முகம் கறுப்பாகத்தான் தெரியும். அதனால் சாயங்காலம் நாலு மணிக்குத் தொடங்குங்கள், வெயில் நேராக முகத்தில் விழும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். ஜனவரிக் கடைசியில் மட்டும் குடியரசு தின ஒத்திகைக்காகப் போக்குவரத்தை மாற்றிவிடுவார்கள், அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள்.

சேப்பாக்கம் பறக்கும் ரயில் நிலையத்தில் இறங்கி, கிரிக்கெட் ஸ்டேடியத்தை ஒட்டி நடந்தால் கடற்கரை வந்துவிடும். உழைப்பாளர் சிலைக்கு முன்னால் போனதும் பெயர், வருடம் எதையும் சொல்லாதீர்கள். ஒரு சுற்று சுற்றி வரச் சொல்லுங்கள். நாலு பேர் ஒரு பாறையைப் புரட்டுகிறார்கள், அவ்வளவுதான் விஷயம். ஆனால் முன்பக்கம் பார்ப்பதை விடப் பின்பக்கம் போய் அந்த முதுகுகளைப் பாருங்கள், பாரம் எந்த உடம்பில் எங்கே இறங்குகிறது என்று அங்கேதான் புரியும். பிள்ளைகள் இருந்தால் அந்த நால்வரில் ஒருவரைப் போலவே நின்று காட்டச் சொல்லுங்கள். அரை நிமிடத்தில் தொடை நடுங்கும், பிறகு அந்தச் சிலையை அவர்கள் மறக்கவே மாட்டார்கள்.

அப்புறம் கதையைச் சொல்லலாம். செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி, வங்காளி. எழும்பூர்ப் பக்கம் இருக்கும் நம் அரசு ஓவியக் கல்லூரிக்கு முதல் இந்திய முதல்வர். மல்யுத்தம் பழகியவர் என்பதை அவசியம் சொல்லுங்கள், அந்தத் தசைகளை ஏன் அப்படி வடித்தார் என்பதற்கு அதுவே பாதி விளக்கம். கல்லூரியின் இரவுக் காவலாளியை மாதிரியாக நிறுத்தித்தான் செய்தார் என்பார்கள். 1959-ல் நிறுவினார்கள். 1923-ல் தொழிலாளர் தலைவர் சிங்காரவேலர் நாட்டிலேயே முதல் மே தினக் கூட்டத்தை நடத்தியதும் இந்தச் சென்னைக் கடற்கரையில்தான்.

அங்கிருந்து தெற்கே நடந்தால் வரிசையாகத் தமிழ்ப் புலவர்கள். இவற்றில் பெரும்பாலானவை 1968 ஜனவரியில், அண்ணா முதல்வராக இருந்தபோது நடந்த இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டுக்காக வைத்தவை. எல்லாவற்றுக்கும் நின்றால் கூட்டம் சலித்துவிடும். வள்ளுவர், ஔவையார், கம்பர், பாரதி என்று பார்த்துக்கொண்டே போங்கள். வீரமாமுனிவர், கால்டுவெல், போப் மூவருக்கும் மட்டும் கொஞ்சம் நேரம் கொடுங்கள். தமிழுக்காக உழைத்த வெளிநாட்டுக்காரர்களுக்கு நம் கடற்கரையில் இடம் கொடுத்திருக்கிறோம் என்பது எனக்கு இப்போதும் பெருமையான விஷயம். திராவிட மொழிகளை ஒப்பிட்டுக் கால்டுவெல் எழுதிய ஒப்பிலக்கணம் 1856-ல் வந்தது, போப்பின் குறள் மொழிபெயர்ப்பு 1886-ல்.

கண்ணகியிடம் நன்றாக நில்லுங்கள். புலவர்களுக்கு நடுவே ஒரு காப்பியத்தின் பாத்திரத்துக்குச் சிலை. கையில் சிலம்பு, விரித்த கூந்தல். 2001 டிசம்பரில் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று அகற்றினார்கள், பெரிய போராட்டமே நடந்தது. எழும்பூர் அருங்காட்சியகத்தில் கிடந்து, 2006 ஜூனில்தான் திரும்பி வந்தாள். இதைச் சொல்லிவிட்டு மறுபடி அந்தச் சிலம்பு பிடித்த கையைப் பார்க்கச் சொல்லுங்கள். சிவாஜி கணேசன் சிலையும் காந்தி சிலைக்குப் பக்கத்தில்தான் இருந்தது, நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு 2017-ல் அடையாறு மணிமண்டபத்துக்குப் போய்விட்டது. பழைய நினைப்பில் யாராவது தேடுவார்கள்.

கடைசியாகக் காந்தி. மெட்ரோ வேலை நடக்கும் பகுதி, தடுப்புகள் இருந்தால் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கும். இதுவும் ராய் சௌத்ரி செய்ததுதான், இதுவும் 1959. இதை முன்கூட்டியே சொல்லாமல் வைத்திருந்து இங்கே சொல்லுங்கள். அங்கே அசையாத பாறையோடு மல்லுக்கட்டும் நாலு பேர், இங்கே கோலை ஊன்றிக்கொண்டு தனியாக நடக்கும் ஒரு மெலிந்த உடம்பு. இரண்டையும் செய்தது ஒரே கைதான் என்று சொன்னதும் எல்லோரும் இன்னொரு முறை சுற்றி வருவார்கள், விட்டுவிடுங்கள், அவசரப்படுத்த வேண்டாம். பிறகு மணலில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டுவிட்டுக் கலங்கரை விளக்கம் நிலையத்தில் ரயில் பிடிக்கலாம்.